அப்பா என்று பெயரிட்ட பிரீசெட்

கருங்கல் சந்தை முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ராஜமணிக்கு எரிச்சலாக இருந்தது. கீரிப்பாறையிலிருந்து பூதப்பாண்டி வழியாக நாகர்கோவில், அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டிலும் உட்கார இடம் கிடைத்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. நல்லது எதுவும் சும்மா நடக்காது என்று எழுபத்தொரு வருஷமாகப் பார்த்து வைத்திருந்தார்.

அரசு ரப்பர் தோட்டத்தில் முப்பத்திநாலு வருஷம் பால் வெட்டிய மனிதர். பால் நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளைக் குனிந்து பார்த்த பிறகுதான் நகருவார். பாஸ்டர் ஒரு வசனம் சொன்னால், வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்து அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது.

நேந்திரங்காய் வறுக்கிற கடைக்கு மேல்மாடியில்தான் மகன் ஷிபு வேலை பார்த்த ஸ்டுடியோ. அவன் உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஒருதடவைகூட இங்கே ஏறியதில்லை. படிக்கட்டு முழுக்கத் தேங்காயெண்ணெய் மணம். முட்டுவலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார்.

மேலே ரெனிஷ் நின்றான். ஷிபுவோடு சேர்ந்து ஸ்டுடியோ தொடங்கியவன். முப்பது வயசிருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. பக்கத்தில் அவன் வீட்டுக்காரி ஜெப்சி. சபைப் பாட்டு சிடிகளில் பாடுகிறவள்.

"வாருங்க மாமா. சாயா குடிக்கியளா?"

"சாயா குடிக்கவா இம்புட்டு தூரம் வந்தேன்? அது எங்க?"

"எது மாமா?"

"ம்."

ரெனிஷ் விழித்தான்.

"நீதானலே ஃபோன்ல சொன்ன? ஷிபு வச்சிட்டுப் போனதுல 'ம்' வருதுன்னு?"

"ஐயோ மாமா, ம் இல்ல. ஹம். ஹம்முன்னா கரண்டு இரைச்சலு. ஸ்பீக்கருல வண்டு மாதிரி ஒண்ணு மூளும் பாருங்க, அது."

ராஜமணியின் முகம் அப்படியே இறங்கிப்போனது. குடையை இடுக்கிக்கொண்டு திரும்பினார். "கரண்டு இரைச்சலுக்கு கரண்டு ஆபீசுக்காரன விளி. எனக்க உயிர எதுக்கு எடுக்க?"

இரண்டு படி இறங்கியிருப்பார். ஜெப்சி பின்னாலிருந்து சொன்னாள்:

"மாமா, இவரு சொல்லுகது பொய்யி. அது ஹம் இல்ல."

"ஏட்டி, சும்ம கிட."

"நீரு கிடயும். கரண்டு இரைச்சலு கேள்வி கேக்குமா? நான் ஒரு வரி பாடி முடிச்சு மூச்சு எடுப்பேன் மாமா. அந்த எடவெளியில, எடது செவிக்க பக்கத்துல, 'ம்?'னு ஒரு சத்தம். ஒருத்தரு கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நிப்பாவ இல்லியா, அது மாதிரி. எட்டு பாட்டு ஒத்துக்கிட்டு ஒண்ணரைப் பாட்டுல ஹெட்ஃபோனக் கழத்தி எறிஞ்சிட்டு ஓடியிருக்கேன்."

ராஜமணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த 'ம்?' அவருக்குத் தெரியும். அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

*

2009இல் அவருடைய மனைவி பூங்கனி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசி ராத்திரி. ஷிபு இங்கே பாட்டுப் பதிவில் இருந்தான். ஃபோன் அலை மைக்கில் கேட்கும் என்று அணைத்து வைப்பது அவர்கள் வழக்கம். ராஜமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவனை ஃபோனில் ஏழு தடவை விளித்தார். ஏழு தடவையும் ஒரு பெண்குரல், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

பூங்கனிதான் கையைக் காட்டித் தடுத்தாள். "விளிக்காதீங்க. பிள்ளைக்குப் பாட்டு பாதியில நிக்கும். முடிச்சிட்டு வரட்டும். அம்ம உறங்கியாச்சுன்னு சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னாள். விடியும் முன்னே போய்விட்டாள்.

ஷிபு ஒன்பது மணிக்கு ஓடி வந்தான். ஊர் கூடியிருந்தது. ராஜமணி சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு எல்லாரும் கேட்கச் சொன்னார்: "உனக்க அம்ம உன்ன விளிச்சு விளிச்சுத்தான் செத்தா. உனக்க செவி பாட்டுக்குத்தானே திறக்கும்."

பொய். கோபத்தில் வாயில் வந்த பொய். சாயங்காலம் திருத்திவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலம் வாய் வரவில்லை. அடுத்த வாரம் என்று நினைத்தார். நாள் போகப்போக அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் அதைத்தான் முதலில் எடுத்தாக வேண்டும். அதனால் மகனிடம் வாயையே திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் வைராக்கியம் என்றார்கள். பயம் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

ஷிபு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு ஃபோனுக்கு விளிப்பான். சபை முடிந்து, பதினொன்றரை மணிக்கு. ராஜமணி முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். பேசமாட்டார்.

"அப்பா, சாப்பிட்டியளா?" கொஞ்சம் நிற்பான். "ம்?"

"அங்க மழ உண்டா?" நிற்பான். "ம்?"

"முட்டுவலி எப்பிடி இருக்கு?" நிற்பான். "ம்?"

பிறகு, "செரி அப்பா. வைக்கட்டா."

மூன்று வருஷம். கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னான்: "அப்பா, ஒண்ணும் பேசண்டாம். ஒரு 'ம்' சொன்னாப் போதும். லைன்ல இருக்கியளான்னு தெரிஞ்சாப் போதும்." ராஜமணிக்கு உதடு வரைக்கும் வந்தது. ஃபோனை வைத்துவிட்டார். புதன்கிழமை, மழையில், வளைவில் திரும்பிய டெம்போ ஷிபுவின் பைக்கை அடித்தது. முப்பத்திரண்டு வயசு.

அது 2012 ஆனி மாசம். இப்போது மாசி. இந்த எட்டு மாசத்தில் அவர் மகனுடைய குரலைத் தேடாத இடமில்லை. கல்யாண வீடியோ எதிலும் அவன் குரல் இல்லை. ஆயிரம் பேருடைய குரலைப் பிடித்து வைத்தவன் தன்னுடையதை எங்கேயும் வைக்கவில்லை. குரல் கிடைத்தால் என்ன செய்வது என்றும் அவர் யோசித்திருந்தார். ஒரே ஒரு காரியம்தான். பூங்கனி சொன்னதை அவனிடம் சொல்ல வேண்டும்.

செத்தவனிடம் எப்படிச் சொல்வது என்று பாஸ்டரிடம் கேட்டார். பாஸ்டர் ஜெபிக்கச் சொன்னார். அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

*

ரெனிஷ் உள்ளறைக் கதவைத் திறந்தான். கனத்த கதவு. அது பின்னால் மூடியதும் சந்தைச் சத்தம், பஸ் ஹாரன், எண்ணெய்ச் சட்டி இரைச்சல், எல்லாம் கத்தி வைத்து அறுத்ததுபோல் நின்றது. மதியம் பன்னிரண்டு மணி. உள்ளே ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பலாப்பழத் தோல்போல் முள்முள்ளாகக் கறுப்புப் பஞ்சு. பசை மணமும் ஈர மணமும் கலந்து வந்தன.

ராஜமணி இருமினார். இருமல் வாயை விட்டு வெளியே போனது. எங்கும் பட்டுத் திரும்பவில்லை.

குழிக்குள் மண் தள்ளினால் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இருங்க மாமா." ரெனிஷ் கம்ப்யூட்டரைத் திறந்தான். "பிரீசெட்டுன்னா என்னன்னு சொல்லுகேன். ரப்பர் மரத்துல மொதல்ல வெட்டுக்குறி போட ஒரு தகரம் வச்சிருப்பியளே, சாய்வு காட்டுக தகரம்?"

"உண்டு."

"அதுதான் இது. ஒரு ஆளு பாடும்போ ஒலிய இம்புட்டு கூட்டி இம்புட்டு குறைச்சு சரியாக்குவோம். அந்த அளவ பேரு போட்டு வச்சிருவோம். அடுத்த தடவ அந்த ஆளு வந்தா பேர அமத்துனாப் போதும், எல்லாம் அதது எடத்துல நிக்கும்."

"அப்போ இதுல சத்தம் கிடையாது."

"கிடையாது. அளவு மட்டும்தான்."

"தகரத்துல பாலு வராதுலே," என்றார் ராஜமணி.

"வராது மாமா. வரப்பிடாது. அதுதான் எனக்குப் பயம்."

ரெனிஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். போன மாசம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பழையதில் கிடந்த பிரீசெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து, வேண்டாததைக் களைந்து, நாற்பத்தொன்றை மட்டும் மாற்றினான். புதியதில் திறந்தால் நாற்பத்திரண்டு. களைந்த ஒன்று முதல் வரியில் வந்து நின்றது. மூன்று தடவை அழித்தான். கம்ப்யூட்டரையே முழுசாகத் துடைத்து மறுபடி ஏற்றினான். மறுநாள் திறந்தால், நின்ற இடத்திலேயே நிற்கிறது. எந்தப் பாட்டைத் திறந்தாலும் அதுவே தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது.

"என்ன பேரு?"

ரெனிஷ் திரையில் விரலை வைத்தான். இங்கிலீஷ் எழுத்து. "அப்பா-ன்னு எழுதியிருக்கு."

ராஜமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வெளிய போ. வீட்டுக்காரிய வரச்சொல்லு. அவகிட்ட வாயத் திறக்கப்பிடாது."

ரெனிஷ் போனான். ஜெப்சி வந்தாள்.

"பிள்ளே, இந்த மொத வரியில என்ன எழுதியிருக்கு?"

"அப்பா," என்றாள் ஜெப்சி. "எங்கள ரெண்டு பேரையும் போலீசு மாதிரி தனித்தனியா விசாரிக்கியளா மாமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரெனிஷ் திரும்பி வந்து மிச்சத்தைச் சொன்னான். இது பாட்டை அழகாக்குகிற பிரீசெட் இல்லை. இரைச்சலை எடுக்கிறது. மிஷினுக்கு முதலில் வெறும் இரைச்சலை மட்டும் கேட்கக் கொடுக்க வேண்டும். அது அதைப் படித்துக்கொள்ளும். பிறகு எந்தப் பதிவில் போட்டாலும் அந்த இரைச்சலை மட்டும் தேடிப் பிடித்து எடுத்துவிடும். ஃபேன் சத்தத்துக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று என்று ஷிபு பத்துப் பதினைந்து செய்து வைத்திருந்தான்.

"இது எதுக்க இரைச்சலு?"

ரெனிஷ் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களுக்க. ஞாயித்துக்கிழம கதவ அடச்சிட்டு இருப்பான். ஃபோன மிஷின்ல சொருகி உங்க பக்கத்துச் சத்தத்த மட்டும் பிடிப்பான். நீங்கதான் பேசமாட்டியளே. மழ, கூரத் தகரம், உங்க மூச்சு, அதுதான் கிடைக்கும். அத மிஷினுக்குப் படிக்கக் குடுத்துட்டு, அத எடுத்து எடுத்துப் பாப்பான்."

"எதுக்கு?"

"அதுக்கு அடியில நீங்க ஏதாவது சொல்லியிருக்கியளான்னு."

ராஜமணியின் கை குடைப்பிடியைத் தேடியது.

"ஒருநா என்ன விளிச்சான். 'லே, இங்க வா, இது ம்-ஆ, மழையான்னு கேட்டுச் சொல்லு'ன்னான். நான் கேட்டேன். மழதான் மாமா. 'ம்' மாதிரிதான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணல்ல. மழதாம்லேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." ரெனிஷ் மூக்கை உறிஞ்சினான். "பிடிச்சத எல்லாம் அன்னைக்கே அழிச்சிருவான். இது மட்டும் கிடக்கு."

"அத எனக்க செவியில வையி," என்றார் ராஜமணி.

*

ஹெட்ஃபோன் கனமாக இருந்தது. ரெனிஷ் பாட்டு எதுவும் போடவில்லை. ஒன்றும் பதியாத வெறும் ஒலித்தடம். அதன்மேல் 'அப்பா'வை ஏற்றினான்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு மழை. கீரிப்பாறை மழை. காற்றடிக்கும்போது தகரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுகிற மழை. அடுக்களைப் பக்கம் ஆணி போன தகரம் ஒன்று உண்டு. அது காற்றுக்கு இரண்டு தடவை அடித்தது. அவருக்கு அது தன் வீடு என்று தெரிந்தது. ஒரு கிழவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். சளி கட்டின மூச்சு. அதுவும் தன்னுடையதுதான்.

மழை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. யாரோ கையால் விலக்குவதுபோல. மூச்சு விலகியது. தகரம் விலகியது.

அடியில் ஒரு இடம் திறந்தது.

அங்கே ஆள் இருந்தது.

"அப்பா."

ராஜமணி ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் செவியோடு அழுத்திப் பிடித்தார்.

"சாப்பிட்டியளா?"

கொஞ்சம் நின்றது.

"ம்?"

"சாப்பிட்டேன் மக்கா," என்றார் ராஜமணி. மூன்று வருஷமும் எட்டு மாசமும் கழித்து வந்த குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. "கஞ்சி குடிச்சேன். நீ எங்கலே இருக்க?"

"அங்க மழ உண்டா?"

"இல்ல. மாசி மாசம்லா. வெயிலு."

"ம்?"

"மழ இல்லன்னு சொன்னேனே."

"முட்டுவலி எப்பிடி இருக்கு?"

"லே, ஷிபு. அப்பா பேசுகேன்லே."

"ம்?"

அந்த 'ம்?' ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நம்பிக்கையோடு தொடங்கி, கொஞ்சம் தேய்ந்து முடிந்தது. எதிரில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒருவனுடைய 'ம்?'. ஃபோனின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட காலத்தில் அது இப்படி இருக்கும் என்று அவருக்கு உறைத்ததே இல்லை.

"செரி அப்பா. வைக்கட்டா."

"வைக்காத! லே, வைக்காத!"

அமைதி. பிறகு மறுபடி மழை. மறுபடி மழை விலகியது.

"அப்பா. சாப்பிட்டியளா?"

ராஜமணி ஹெட்ஃபோனைக் கழற்றினார். மேஜையில் வைத்தார். ஜெப்சி கதவோடு ஒட்டி நின்றாள். ரெனிஷ் வெளுத்திருந்தான்.

"உனக்குக் கேக்குதாலே?"

"எனக்கு அந்த 'ம்' மட்டும்தான் மாமா கேக்குது. உங்களுக்கு என்ன கேக்குது?"

"அவன் பேசுகான். நான் சொல்லுகது அவனுக்குப் போவல்ல." ராஜமணி அதட்டினார். "ஏன் போவல்ல? உனக்க மைக்க திற. அதுல பேசுகேன்."

ரெனிஷ் மைக்கை அவர் வாய்க்கு நேராக நகர்த்தி, அதே தடத்தில் இணைத்தான். திரையில் பச்சையாக இரண்டு கோடுகள். ஒன்று உள்ளே போகிற சத்தத்துக்கு, மற்றது வெளியே வருகிற சத்தத்துக்கு.

"ஷிபு," என்றார் ராஜமணி.

முதல் கோடு எழும்பியது. இரண்டாவது அசையவில்லை.

"லே ஷிபு!" கத்தினார். முதல் கோடு சிவப்பு வரைக்கும் போய்த் திரும்பியது. இரண்டாவது செத்த பாம்பாகக் கிடந்தது.

ரெனிஷ் இருமிப் பார்த்தான். இரண்டு கோடும் எழும்பின. ஜெப்சி கைதட்டினாள். இரண்டும் எழும்பின. ராஜமணி மறுபடி மகன் பெயரைச் சொன்னார். முதல் கோடு மட்டும்.

மூன்று பேரும் அந்த இரண்டாவது கோட்டையே பார்த்தார்கள்.

பட்டென்று கரண்டு போனது. ஏசியின் முனகல் நின்றது. எங்கோ யுபிஎஸ் கீச்சென்று கத்தத் தொடங்கியது. திரை வெளிச்சம் மட்டும் மூன்று பேர் முகத்திலும் நீலமாகக் கிடந்தது.

"இருவது நிமிசம் நிக்கும்," என்றான் ரெனிஷ் ரகசியமாக. பிறகு, சொல்லலாமா என்று தயங்கி, "மாமா... இது உங்கள எடுத்துக் களயதுக்குச் செஞ்சதுலா. உங்க மூச்சு, உங்க வீடு, எல்லாத்தையும். அதுதான் உங்க சத்தம் அந்தப் பக்கம் போவாது."

"அப்போ இது கிடக்குக வரைக்கும் நான் சொல்லுகது அவனுக்குக் கேக்காது."

"கேக்காது."

"இத எடுத்தா?"

"எடுத்தா கேக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாது மாமா. ஆனா அவன் பேசுகது உங்களுக்குக் கேக்காது. இது இல்லாம அந்த எடம் திறக்காது."

ராஜமணி திரையைப் பார்த்தபடி இருந்தார். எட்டு மாசம் தேடிய குரல். தினமும் பஸ் ஏறி வந்து கேட்கலாம். சாகிற வரைக்கும் கேட்கலாம். அவனும் கேட்டுக்கொண்டே இருப்பான், பதில் வராத இடத்தைப் பார்த்து.

"நீ அழிச்சு போவல்ல இல்லியா?"

"போவல்ல."

"எனக்க பேருதானே. நான் அழிச்சாப் போவும்." அதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று அவரால் சொல்ல முடியாது. "எது அமத்தணும்னு காட்டு."

ரெனிஷ் அவருடைய கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தான். கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல். அம்பு திரையில் நடுங்கி நடுங்கி அந்த வரிக்குப் போனது. ராஜமணி இன்னொரு கையால் ஹெட்ஃபோனை எடுத்து ஒரு செவியில் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை.

மழை விலகியது.

"அப்பா. சாப்பிட்டி..."

அமுக்கினார்.

வரி மறைந்தது. ஹெட்ஃபோனில் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

ராஜமணி மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழுந்திருக்காத மனிதர்.

"ஷிபு. அப்பா பேசுகேன். சாப்பிட்டேன். மழ இல்ல. முட்டு வலிக்கு." நிறுத்தினார். "அன்னைக்குப் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு நான் சொன்னது பொய்யி. உனக்க அம்ம உன்ன விளிக்கல்ல. விளிச்சது நான். அவ விளிக்காதீங்கன்னுதான் சொன்னா. பிள்ளைக்குப் பாட்டு பாதியில நிக்கும், முடிச்சிட்டு வரட்டும்னா. அம்ம உறங்கியாச்சுன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னா. நான் சொல்லல்ல. இதுதான் மக்கா. இம்புட்டுத்தான்."

திரையில் இரண்டு கோடும் எழும்பி அடங்கின.

ஜெப்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ராஜமணி காத்திருந்தார். யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது. திரை அணைந்தது. அறை முழு இருட்டாகியது. அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ம்?" என்றார் இருட்டைப் பார்த்து.

ஒன்றும் வரவில்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபைக்குப் போகவில்லை. வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கஞ்சிக் கலத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வரும்போது ஃபோன் அடித்தது. கை ஈரத்தோடே எடுத்தார்.

"சொல்லு," என்றார்.

"மாமா, ரெனிஷ் பேசுகேன்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அந்த அப்பா பிறகு வரவே இல்ல மாமா. ஒரு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன். ஜெப்சி மூணு பாட்டு பாடி முடிச்சிட்டா. எடவெளியில ஒண்ணும் இல்ல."

அப்படியானால் ஷிபு போய்விட்டான். நல்லதுதான். அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் ரிசீவரை வைக்க மனசு வரவில்லை.

"ஆனா நேத்து பூட்டும்போ எண்ணிப் பாத்தேன் மாமா. மறுபடியும் நாப்பத்திரெண்டு. புதுசா ஒண்ணு இருக்கு. நாங்க யாரும் செய்யல்ல."

"என்ன பேரு?"

"அம்மா-ன்னு."

அவர் ரிசீவரை மற்றச் செவிக்கு மாற்றினார்.

"ராத்திரி முழுக்க நான் உறங்கல்ல. தனியா போட்டுக் கேக்க தைரியம் இல்ல மாமா. உங்களுக்கு ஃபோன்லயே கேப்பிச்சிரலாம்னு வந்தேன். கொஞ்சம் பிடியுங்க, வைக்காதீங்க."

ரிசீவரில் உரசல் சத்தம். அவன் ஃபோனைக் கையை விட்டு இறக்கியிருக்க வேண்டும். பிறகு சத்தம் வந்தது.

பாத்திரம் ஒன்றைத் தரையில் வைத்தார்கள். விறகு ஒன்று வெடித்தது. ஒரு பெண் இருமினாள். வறட்டு இருமல், இரண்டு தடவை, அப்புறம் ஒரு பெருமூச்சு. நாற்பது வருஷம் பக்கத்துப் பாயில் கேட்ட இருமல். ஒரு இளவட்டக் குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. வார்த்தை பிடிபடவில்லை. நீளமாக, நிறுத்தாமல், பாட்டு வேலையைப் பற்றிச் சொல்லும்போது ஷிபு அப்படித்தான் சொல்வான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்தப் பெண் பதில் கொடுத்தாள்.

"ம்."

"ம்."

"ம்."

ராஜமணிக்குக் கண்ணீர் மீசையில் இறங்கியது. "பூங்கனி," என்றார், தன்னையறியாமல்.

பேச்சு நின்றது.

வாசலில் யாரோ வந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் நிறுத்துவார்களே, அதுபோல. இரண்டு பேரும் நிறுத்திவிட்டுச் செவி கொடுத்தார்கள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"மாமா!" ரெனிஷின் குரல் திடீரென்று செவியோடு ஒட்டி வந்தது. இளைத்தது. "மன்னிச்சிருங்க, படி ஏறும்போ ஃபோனப் பாக்கெட்டுல போட்டுட்டேன். இருக்கியளா? இப்பம்தான் மேல வந்தேன். இந்தப் பூட்டு ஒண்ணு, சாவி திரும்ப மாட்டேங்கு. ஒரு நிமிசம். உள்ள போயி கம்ப்யூட்டரப் போட்டதும் கேப்பிக்கேன்."

சாவி பூட்டில் கரகரவென்று திரும்பியது. அதற்கு அப்பால், ரொம்பத் தாழ்ந்து, பாத்திரத்தை மறுபடி எடுக்கிற சத்தம் கேட்டது.